ஹெபடைடிஸ் பி: தட்டில் இல்லாத நோய்

ஹெபடைடிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய். கல்லீரலில் எந்தக் கோளாறு வந்தாலும் அதை மஞ்சக்காமாலை என்று சொல்லி முடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். கண் மஞ்சளாவது ஓர் அறிகுறிதான். பித்தப்பைக் கல், குடி, எலிக்காய்ச்சல், மாத்திரைகளின் பக்கவிளைவு என அதற்குப் பல காரணங்கள் உண்டு. கல்லீரலைக் குறிவைக்கும் வைரஸ்கள் மட்டுமே ஐந்து: ஏ, பி, சி, டி, இ. இவற்றில் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுகின்றன. சில வாரம் படுக்கவைத்துவிட்டுப் பெரும்பாலும் தாமாகவே அகன்றுவிடுகின்றன. பி, சி இரண்டும் இரத்தத்தின் வழியாகப் பரவி, ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கக்கூடியவை. டி வைரஸுக்குப் பி வைரஸின் துணையில்லாமல் பெருகும் ஆற்றல் கிடையாது. வைரஸ்களுக்கிடையே உள்ள இந்த வேறுபாடு மருத்துவ மாணவருக்கு மட்டும் உரிய பாடமல்ல. ஹெபடைடிஸ் பி உள்ளவரின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துவைக்கும் வீடு, ஏ-க்கும் இ-க்கும் உரிய பயத்தைப் பி-யின் மேல் சுமத்துகிறது. அதே வீட்டில் பி வைரஸ் உண்மையில் நுழையும் வழிகளைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை.

இந்த வைரஸ், அதைத் தேடாதவர் கையில்தான் முதலில் சிக்கியது. அமெரிக்க மருத்துவரான பரூக் ப்ளம்பர்க், மனிதரின் இரத்தப் புரதங்கள் பரம்பரையாக எப்படி வேறுபடுகின்றன என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பல நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். ஹீமோஃபிலியாவுக்காகப் பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துடன் வினைபுரிந்தது. வினைக்குக் காரணமான பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். 1965-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அந்தப் பொருள் ஒரு வைரஸின் மேலுறை என்பதும், அந்த வைரஸே இரத்தம் ஏற்றியவர்களுக்கு வரும் காமாலைக்குக் காரணம் என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயின. 1970-இல் லண்டனில் டேவிட் டேன் முழு வைரஸ் துகளையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். 1976-இல் ப்ளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலக ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படும் ஜூலை 28 அவருடைய பிறந்த நாள். இன்றும் மூத்த மருத்துவர்கள் சிலர் இந்த வைரஸுக்கான இரத்தச் சோதனையை 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்றே எழுதித் தருகிறார்கள்.

வைரஸின் குறுக்களவு 42 நானோமீட்டர். அதன் மரபுச்சரம் சுமார் 3,200 எழுத்துகளே கொண்டது. மனிதரைத் தாக்கும் டி.என்.ஏ. வைரஸ்களில் இது மிகச் சிறியவற்றுள் ஒன்று. கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் தன் டி.என்.ஏ.வை ஒரு மூடிய வளையமாக்கிச் செல்லின் உட்கருவிலேயே வைத்துவிடுகிறது. இன்றுள்ள மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. அந்த வளையத்தைத் துடைத்தெடுக்க அவற்றால் முடிவதில்லை. சிகிச்சை நீண்ட காலத்துக்கு நீள்வதன் காரணம் இதுதான்.

கல்லீரல் செல்லை வைரஸ் நேரடியாகக் கொல்வதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் வைரஸ் புகுந்த செல்களைத் தாக்கும்போதுதான் சேதம் ஏற்படுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர் ஒருவருக்குத் தொற்று வந்தால், சில வாரம் களைப்பு, குமட்டல், காமாலை என்று ஆட்டிவைத்தாலும், 95 சதவீதத்துக்கு மேற்பட்டோரின் உடல் வைரஸை வென்றுவிடும். பச்சிளங்குழந்தையின் நிலை நேர்மாறானது. அதன் எதிர்ப்பு மண்டலம் இந்த வைரஸை இன்னும் அந்நியனாக அடையாளம் காணாது. குழந்தைக்குக் காய்ச்சல் வராது, கண் மஞ்சளாகாது. வைரஸ் மட்டும் அமைதியாகத் தங்கிவிடும். பிறக்கும்போது தொற்றுக்குள்ளாகும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு நாட்பட்ட தொற்று ஏற்படுகிறது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொற்றினால் அது நான்கில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்று வரை. ஆக, இந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அது வந்த வயது. முப்பது, நாற்பது வயதில் ஹெபடைடிஸ் பி இருப்பதாகத் தெரியவரும் பலருக்கு அது தொட்டிலிலேயே வந்தது. அவர்களுடைய நடத்தையை மனத்துக்குள் எடைபோடும் உறவினர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் வைரஸ் இரத்தத்தில் நீடித்தால் அது நாட்பட்ட தொற்று. அதன்பின் இருபது, முப்பது ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தெரியாமலே கழியலாம். சிகிச்சை இல்லாவிட்டால், இப்படி உள்ளவர்களில் 20 முதல் 30 சதவீதத்தினருக்குக் கல்லீரல் சுருக்கமோ கல்லீரல் புற்றுநோயோ வருகிறது. சுருக்க நோய் வராமலே நேராகப் புற்றுநோய் வருவதும் இந்த வைரஸின் தனிக் குணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் 25.4 கோடிப் பேர் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யுடன் வாழ்ந்தார்கள். அந்த ஓராண்டில் 11 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடிப் பேருக்குத் தொற்று. சீனாவுக்கு அடுத்த இடம். உலக அளவில் தொற்று உள்ளவர்களில் 13 சதவீதத்தினருக்கே தங்களுக்கு அது இருப்பது தெரிந்திருந்தது. சிகிச்சை பெற்றோர் 3 சதவீதம். மருந்து இருக்கிறது, விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. அப்படியிருந்தும் நூற்றில் மூன்று பேருக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது என்பது ஏற்க முடியாத நிலை.

பரவும் வழிகளில் முதலாவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி வழியாகப் பரவுவது குறைவு. பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தோடு குழந்தைக்கு ஏற்படும் தொடர்பில்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. அடுத்தது, கிருமி நீக்காத ஊசியும் கருவிகளும். 2009-இல் குஜராத்தின் மோடாசா பகுதியில் நானூறுக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் பி பரவியது; எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. சாதாரணக் காய்ச்சலுக்கும் 'ஒரு ஊசி போடுங்க டாக்டர்' என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடமும் வேரூன்றியிருக்கிறது. ஊசி போடத்தான் வேண்டும் என்றால், புதிய சிரிஞ்சின் உறை கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா என்று பார்ப்பது நோயாளியின் உரிமை.

பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் பயன்படுத்திய சவரக் கத்தி, பல்துலக்கி, நகவெட்டி, திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால் அடுத்தடுத்துப் பச்சை குத்துவது, கிருமி நீக்காமல் காது குத்துவது ஆகியவையும் வழிகளே. உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தக்கறையிலும் இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிர்த்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தமும் போதும். சலூனில் புதிய பிளேடு கேட்பது இதற்காகவே.

எவற்றால் பரவாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லியாக வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பது, தும்மல், இருமல், கைகுலுக்கல், அணைப்பு, ஒரே கழிப்பறை, ஒரே படுக்கை, கொசுக்கடி ஆகிய எதனாலும் ஹெபடைடிஸ் பி பரவுவதில்லை. தாய்ப்பாலாலும் பரவுவதில்லை. தடுப்பூசி போடப்பட்ட குழந்தைக்குத் தாய் தயங்காமல் பால் கொடுக்கலாம். மருமகளுக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் குழந்தையைப் பிரித்துப் புட்டிப்பால் புகட்டும் வீட்டில் நோய் தடுக்கப்படுவதில்லை. குழந்தைக்குத் தாய்ப்பால்தான் தடுக்கப்படுகிறது.

தடுப்பின் உச்சகட்டம் பிரசவ அறையில் நடக்கிறது. முதல் மூன்று மாதத்திலேயே கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென் (முன்பு சொன்ன ஆஸ்திரேலியா ஆன்டிஜென்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ரிப்போர்ட்டின் முடிவு தாய்-சேய் அட்டையில் எழுதப்பட வேண்டும். பாசிட்டிவ் என்றால் அடுத்து வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு சோதனை. ஒரு மில்லிலிட்டரில் 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் வைரஸ் இருந்தால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்து அந்த அளவைக் குறைக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் 24 மணி நேரத்துக்குள் அரை மில்லி தடுப்பூசி இடது தொடையில். தாய்க்குத் தொற்று இருந்தால் உடனடிப் பாதுகாப்புக்காக இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் மற்றொரு தொடையில். பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்குள் இதுவும் சேர்ந்தே போடப்படுகிறது. பாதுகாப்பு எதுவும் இல்லாவிட்டால், வைரஸ் மிகுந்த தாயிடமிருந்து பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை தொற்றைப் பெறக்கூடும். மாத்திரை, ஊசி, இம்யூனோகுளோபுலின் மூன்றும் ஒழுங்காகக் கிடைத்தால் தொற்று அரிதாகிவிடுகிறது. 'நாளைக்குப் போட்டுக்கலாம்', 'நல்ல நேரம் பார்த்துப் போடலாம்' என்று முதல் ஊசியைத் தள்ளிப்போட இடமே இல்லை. அந்த மருந்துக் குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் உறைந்துபோனால் அது பயனற்றது. தடுப்பூசித் திட்டத்தில் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் குறித்துவைக்கும் ஊழியரின் பங்கு, ஊசி போடும் செவிலியரின் பங்குக்குச் சற்றும் குறைந்ததல்ல.

முதல் தடுப்பூசி, தொற்றுள்ளவர்களின் பிளாஸ்மாவிலிருந்து தயாரிக்கப்பட்டு 1981-இல் அனுமதி பெற்றது. 1986-இல் ஈஸ்ட் செல்களில் மரபுப் பொறியியலால் தயாரித்த ஊசி வந்தது. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே அத்தகைய ஊசியைத் தயாரித்து விற்கத் தொடங்கியதும், இறக்குமதி ஊசியின் விலை பல மடங்கு இறங்கியது. இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி 2002-இல் முன்னோட்டமாகச் சேர்க்கப்பட்டு, 2007-08-இல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கும் 2011-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில், தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவர் தவிர ஏனையோருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இன்று வேலைக்குப் போகும், மணம் செய்துகொள்ளும், பிள்ளை பெறும் தலைமுறையில் பெரும்பகுதி அவர்கள்தான்.

தொற்று இருப்பது தெரிந்தவர் கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கும். அதைப் படிக்கத் தெரிவது பாதிப் பயத்தைப் போக்கும். ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் வைரஸ் உடலில் இருக்கிறது. ஆன்டி-ஹெச்.பி.எஸ். 10 யூனிட்டுக்கு மேல் என்றால் தடுப்பூசியாலோ, குணமான பழைய தொற்றாலோ பாதுகாப்பு வந்துவிட்டது. இது நல்ல செய்தி. இந்த இரண்டு வரிகளையும் குழப்பிக்கொண்டு, பாதுகாப்பு உள்ளவரே நோயாளி என்று அழுதுகொண்டு வருவதும் உண்டு. ஹெச்.பி.ஈ. ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் வைரஸ் வேகமாகப் பெருகுகிறது. வைரல் லோடு அதன் அளவைச் சொல்லும், எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்கள் சேதமாவதைக் காட்டும். ஃபைப்ரோ ஸ்கேன் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அளக்கும். ஒரே ஒரு சோதனையை வைத்து மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க இயலாது. பாசிட்டிவ் ஆன அனைவருக்கும் உடனே மாத்திரை தேவைப்படுவதுமில்லை. ஆனால், 'கேரியர்தான், ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும் பழைய பழக்கம் தவறு. இன்று அமைதியாக உள்ள வைரஸ் ஐந்தாண்டு கழித்து விழித்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை தேவை. கல்லீரல் சுருக்கம் உள்ளவர், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தவர் போன்றோருக்கு ஆறு மாத ஸ்கேனும் தவறக்கூடாது.

மருந்து தொடங்கியவருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர். பக்கவிளைவு குறைவு. ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து: அடங்கியிருந்த வைரஸ் திடீரெனப் பெருகி, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போய்விடும். மது அறவே கூடாது. உடல் எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு, இந்த வைரஸோடு சேர்ந்தால் புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்காக்குகிறது. சொத்தைக் கடலையைத் துப்பிவிட வேண்டும் என்ற பாட்டிமார் அறிவுரை இவர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். வேறு நோய்க்கு ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ தரப்படும்போது ஹெபடைடிஸ் பி இருப்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்த மருந்துகள் வைரஸைக் கிளப்பிவிடும். உப்பில்லாப் பத்தியம், எண்ணெயில்லாப் பத்தியம் என்று உடலை வாட்ட வேண்டியதில்லை. காமாலைக்கென்று கையில் சூடு போடுவதும், கண்ணில் சாறு ஊற்றுவதும் புண்ணையும் பார்வைக் கேட்டையும் தவிர வேறெதையும் தருவதில்லை.

கீழாநெல்லியைப் பற்றித் தனியே பேச வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பேசாமல் ஹெபடைடிஸ் பி விழிப்புணர்வு முழுமையடையாது. காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பது தலைமுறைகளாக உள்ள வைத்தியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன் இதை முறையான ஆய்வுக்கு உட்படுத்தினார். 1988-இல் 'லான்செட்' இதழில் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் ப்ளம்பர்க். தொற்று உள்ளவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்ததாகவும், வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்ததாகவும் அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதன்பின் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. பின்னாளில் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசியவர்களும், இது ஹெபடைடிஸ் பி-யைக் குணமாக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடிவு செய்தார்கள். நம் மூலிகை ஒன்று உலக ஆய்வுக்கூடத்துக்குப் போனது பெருமைக்குரியது. அந்தப் பெருமைக்காக, வைரல் லோடு ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர் மாத்திரையைக் கைவிடக் கூடாது. ஏ, இ வகைக் காமாலை தானாகவே சரியாகிவிடும் என்பதால், அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஹெபடைடிஸ் பி நோயாளி ஏமாறும் இடமும் இதுவே.

நோயைவிடக் கடுமையாக வாட்டுவது அதைச் சுற்றியுள்ள விலக்கு. வளைகுடா வேலைக்கு விசா எடுக்கும் பலருக்குத் தங்கள் தொற்று முதன்முதலில் தெரியவருவது 'மெடிக்கல்' மையத்தில்தான். ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் 'அன்ஃபிட்'. நகையை அடகுவைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்டியவர், அன்று மாலையே ஊர் திரும்புகிறார். அடுத்து எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும், வீட்டில் யாருக்கெல்லாம் பரிசோதனை தேவை என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை. சொந்தக்காரர்களிடம் காரணத்தை மறைக்கிறார். மறைப்பதால் சிகிச்சைக்கும் போவதில்லை. கட்டடத்தில் சாரம் கட்டவோ லாரி ஓட்டவோ இந்த வைரஸ் தடையில்லை என்பதை மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. சட்டங்கள்தான் மெல்ல நகர்கின்றன. பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் ஹெபடைடிஸ் பி சோதனை கேட்கக் கூடாது என்று சீனா 2010-இல் ஆணையிட்டது. தொற்றைக் காரணம் காட்டி மருத்துவக் கல்வி மறுக்கப்பட்ட மாணவர்களுக்கு ஆதரவாக அமெரிக்க நீதித்துறை 2013-இல் தலையிட்டு, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு இடம் பெற்றுத் தந்தது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்க 2017-இல் தனிச் சட்டம் வந்தது. ஹெபடைடிஸ் பி-க்கு அத்தகைய சட்டம் இல்லை. இருக்க வேண்டும்.

திருமணம் பலருக்குப் பெரிய கேள்வி. இந்தக் கேள்விக்கு மருத்துவத்தின் பதில் எளிது. துணைக்கு இரத்தப் பரிசோதனை; தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் இன்று ஓர் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது; பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஒரு சோதனை. அதுவரை ஆணுறை. இதைச் செய்த தம்பதியர் எல்லாரையும் போல வாழலாம், பிள்ளை பெறலாம். மறைத்துச் செய்யும் திருமணத்தில் துணைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகிறது. சொன்னால் வரன் கைநழுவும் என்ற பயமே மறைக்கவைக்கிறது. ஆகவே, சொல்பவரைத் தண்டிக்காத சுற்றமே துணைக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் உண்மையான காவல்.

விழிப்புணர்வு முகாம் நடத்துவோர் கவனிக்க வேண்டியது நிறைய. பள்ளி மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்து இரத்தம் எடுத்து, மாலையில் ஒலிபெருக்கியில் பெயர் அழைத்து ரிப்போர்ட் கொடுத்தால், பாசிட்டிவ் ஆனவரை ஊர் அன்றே அடையாளம் கண்டுவிடும். அடுத்த முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள். ரிப்போர்ட்டைத் தனியறையில், ஒருவருக்கு ஒருவராக, அடுத்துப் போக வேண்டிய மருத்துவமனையின் பெயரோடு கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கு வழிகாட்டாமல் சோதனை மட்டும் செய்துவிட்டுப் போவது அந்த மனிதருக்குச் செய்யும் தீங்கு. கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சலூன் வைத்திருப்பவர், பச்சை குத்துபவர், ஊர்ப் பெரியவர் ஆகியோருக்கு விளக்கிச் சொன்னால், மேடைப் பேச்சு போகாத இடத்துக்கும் செய்தி போகும். எல்லாரையும்விட நன்றாக எடுத்துச்சொல்லக்கூடியவர், பத்தாண்டாக மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்துவரும் நோயாளியே. விரும்பி முன்வந்தால் அவருக்கு மேடை கொடுக்கலாம். யாரையும் வற்புறுத்திப் பேசவைக்கக் கூடாது.

தடுப்பூசியால் என்ன சாதிக்க முடியும் என்பதற்குத் தைவான் சாட்சி. 1984-இல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், பின்னர் எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கே ஊசி போடத் தொடங்கினார்கள். பத்தாண்டுக்குள், 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்றுநோய் 0.36 ஆகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுத்ததை உலகம் கண்டது அதுவே முதல் முறை.

இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், பரிசோதனையும் மாத்திரையும் அரசு சிகிச்சை மையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரியவர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தால், தாய், உடன்பிறந்தோர், துணை, பிள்ளைகள் அனைவரும் அந்த வாரமே இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.